தோன்றா எழுவாய்

தமிழ்ப்பள்ளியில் எங்களுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்த ஆசிரியை ஒருநாள் 'வந்தேன்' என்ற ஒற்றைச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, வந்த ஆள் எங்கே என்று கேட்டார். ஆளைக் காணோம் என்று வகுப்பே கூவியது. ஆள் ஒளிந்துகொண்டிருக்கிறார், சொல்லின் வாலைப் பிடித்து இழுங்கள், 'ஏன்' என்ற விகுதியோடு 'நான்' வெளியே வந்து விழும் என்று சிரித்தபடி சொல்லி, அதற்குப் பெயர் தோன்றா எழுவாய் என்று எழுதிப்போட்டார். அந்தப் பாடம் பல ஆண்டுகள் கழித்து எனக்கு மறுபடியும் நினைவுக்கு வந்த இடம் ஒரு தொழிற்சாலையின் கேண்டீன். காலை ஷிப்டு முடிந்து மதிய ஷிப்டு தொடங்குவதற்கு இடைப்பட்ட நேரத்தில் எங்களை அங்கே நிற்கவைத்திருந்தார்கள். சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில், கடல் கடந்த ஒரு நாட்டில் அப்போதுதான் காலைக் காப்பியை முடித்திருந்த ஓர் அதிகாரி பேசிக்கொண்டிருந்தார். சில வணிகப் பிரிவுகளின் எதிர்காலம் மறுபரிசீலனை செய்யப்பட்டு வருகிறது, எல்லா வழிகளும் ஆராயப்படும், உரிய நேரத்தில் உரிய முடிவுகள் எடுக்கப்படும் என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னதை, எங்கள் மனிதவளப் பிரிவு அதிகாரி பக்கத்தில் நின்று மலாயில் 'அக்கான் டிகாஜி', 'அக்கான் டிபுத்துஸ்கான்' என்று மாற்றிக்கொண்டிருந்தார். மலாயிலும் வினைக்கு முன்னால் ஒரு 'டி' சேர்த்துவிட்டால் போதும், செய்கிறவர் மறைந்துவிடுவார். மூன்று மொழி தெரிந்த ஊழியர்கள் நிறைந்த அந்தக் கூடத்தில், எந்த மொழியின் வாலைப் பிடித்து இழுத்தும் முடிவெடுக்கப்போகிறவரை எங்களால் வெளியே கொண்டுவர முடியவில்லை.

ஓராண்டுக்கும் மேலாக இந்த எண்ணம் என்னை விடவில்லை. அதற்குப் பிறகு இரண்டு சுற்று ஆட்குறைப்பு நடந்து முடிந்துவிட்டது. நான் வேலை செய்யும் சோதனைப் பிரிவை யாரோ வாங்கப்போவதாகப் பேச்சு வந்து, அடங்கி, இப்போது மறுபடியும் கிளம்பியிருக்கிறது. வேலை போவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பாடாங் செராயைச் சுற்றி ரப்பர் மரங்கள் நின்ற காலத்தில் பிறந்தவள் நான். அந்த மரங்கள் விழுந்து செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறியதையும், தோட்டத்துப் பெண்கள் விடியலில் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நிற்பதை விட்டுவிட்டுத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நிற்கத் தொடங்கியதையும் பார்த்தவள். 1972-இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் தொடங்கிய மின்னணுத் தொழில் 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவாக எங்கள் வாசலுக்கே வந்தபோது, வெயில் படாமல் சம்பாதிக்கலாம் என்று எங்கள் தலைமுறை துள்ளிக் குதித்தது. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்ச் சேரக்கூடிய தொழிற்பேட்டைகளில் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மின்னணுச் சில்லுகளைச் சோதித்துப் பிரிக்கும் வரிசையில் ஆபரேட்டராகச் சேர்ந்து, பதினான்கு பேருக்குப் பொறுப்பாளராக உயர்ந்தேன். இந்தப் பதினான்கு என்ற எண்ணைப் பற்றித்தான் பிறகு பேசப்போகிறேன்.

நிறுவனத்துக்கு நெருக்கடி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2021-இல் உலகமே சில்லுக்கு அலைந்தபோது எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் இருந்தது. கோவிட் காலத்து நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்த நாள்களில் போலீஸ் சாலைத்தடுப்பில் காட்டுவதற்குக் கடிதம் கொடுத்து, நீங்கள் இன்றியமையாத ஊழியர்கள் என்று அழைத்துப்போனார்கள். வாடிக்கையாளர்கள் பயத்தில் வாங்கிக் குவித்த சரக்கு கிடங்குகளில் தேங்கியது. 2023-இல் உலகச் சில்லு விற்பனை முந்தைய ஆண்டைவிட எட்டு விழுக்காடு வீழ்ந்தது. சரக்கு தேங்கினால் வேலை குறையும் என்பது ரப்பர் விலையைக் கேட்டுக்கொண்டே வளர்ந்த எங்களுக்குப் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டிய செய்தியே அல்ல. என்னை உறுத்தியது வேறு. அந்தக் கூட்டத்துக்கு முன்பு, கேள்விகள் இருந்தால் கியூஆர் குறியீட்டை வருடி எழுதி அனுப்புங்கள் என்றார்கள். எங்கள் பிரிவில் மட்டும் முப்பது பேருக்கு மேல் எழுதினோம். பெரும்பாலானவர்கள் கேட்டது ஒரே கேள்வியைத்தான்: எங்கள் பிரிவை விற்கப்போகிறீர்களா? அன்று பதில் கிடைத்த கேள்விகள் மூன்று. மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்துக்குக் கூரை எப்போது வரும், புதிய சீருடையின் துணி ஏன் உறுத்துகிறது, கேண்டீனில் மீ கோரெங்கின் தரம் ஏன் இறங்கிவிட்டது. கூரைக்கு ஒதுக்கீடு கிடைத்துவிட்டது என்று அறிவித்தபோது சிலர் கைதட்டக்கூடச் செய்தார்கள். அதற்காக அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஏதாவது ஒன்றுக்காவது நேரடியான பதில் கிடைத்ததே என்ற ஆறுதலில் எழுந்த கைதட்டல் அது.

அம்மாவின் கணக்கு

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னபோது அம்மா முறத்தில் உளுந்தைப் புடைத்துக்கொண்டிருந்தார். இருபத்து மூன்று ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். அவர் கேட்ட முதல் கேள்வி, அந்த அதிகாரி என்ன பேசினார் என்பதல்ல. "உரம் போடுறத நிறுத்திட்டாங்களா?" என்று கேட்டார். எனக்கு உடனே புரியவில்லை. தோட்டத்தை விற்கப்போகிறார்கள் என்பதைத் தோட்டத்துக் கணக்கரான கிராணி பெரட்டில் அறிவிப்பதற்கு ஓராண்டுக்கு முன்பே மரத்தடியில் படித்துவிடலாம் என்று விளக்கினார். முதலில் உரம் நிற்கும். பிறகு லாலாங் புல் இடுப்புயரம் வளர்ந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அதற்குப் பின் மரத்துக்கு மருந்து தடவச் சொல்லி, ஏணி வைத்து மேல்பட்டையிலும் வெட்டச் சொல்வார்கள். நாளைக்கு வேண்டாத மரத்திடம் இன்றைக்கே எல்லாப் பாலையும் கறந்துகொள்ளும் வெட்டு அது. கடைசியில் நில அளவைக்காரர்கள் வந்து சிவப்புச் சாயம் பூசிய முளைக்குச்சிகளை நடுவார்கள். "குச்சி நட்டப்பறம் கிராணி வந்து என்னத்தச் சொன்னா என்ன," என்றார்.

மறுநாள் தொழிற்சாலையில் நுழைந்தபோது அம்மாவின் கண்ணைக் கடன் வாங்கிக்கொண்டு சுற்றிப் பார்த்தேன். பழுதான சோதனை இயந்திரம் ஒன்று ஐந்து மாதமாக மூலையில் கிடந்தது. உதிரிபாகத்துக்கு ஆணை கொடுப்பதற்கு மாறாக, அதன் வயிற்றைத் திறந்து மற்ற இயந்திரங்களுக்குப் பாகம் எடுத்துக்கொண்டிருந்தோம். பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஆள் குறைந்திருந்தும் இலக்கு குறையவில்லை. எங்கள் வேலையின் ஒவ்வொரு படியையும், கையேட்டில் இல்லாத கைப்பழக்கங்கள் உட்பட, எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு இயந்திரத்தின் விலாவிலும் புதிதாக ஒரு பட்டைக்குறியீட்டு ஒட்டி இருந்தது. அதை ஒட்டியவர்கள் பார்வையாளருக்கான மஞ்சள் மேலங்கி அணிந்து, எங்கள் முகத்தைப் பார்க்காமல் எண்ணிக்கொண்டே போனவர்கள். எங்கள் ஆலையில் சிவப்புக் குச்சி எப்போதோ நட்டாகிவிட்டது. கேண்டீன் கூட்டம் நடந்ததே அதற்குப் பிறகுதான்.

அம்மாவின் தோட்டம் தொண்ணூறுகளின் நடுவில் வீடமைப்பு நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. அந்தக் காலத்தில் விற்பவர் நேருக்கு நேர் நின்றார், இன்றைக்குத் திரையில் வருகிறார் என்று ஒரு கட்டுரையை என்னால் எளிதாக எழுதிவிட முடியும், எழுதவும் தொடங்கினேன். அம்மாதான் அதைக் கெடுத்தார். அறிவிப்பு படிக்கப்பட்ட விடிகாலையில் கிராணி காயிதத்தைப் படிக்க, தோட்ட நிர்வாகியான தொரை ஜீப்பின் மீது சாய்ந்தபடி பெரட்டுக்களத்தில் நின்றிருந்தார் என்பது உண்மை. "நின்னாரு. நின்னு என்ன பண்றது? அடுத்த மாசம் அவருக்கு வேற தோட்டம். எங்களுக்கு லயத்தக் காலி பண்ணச் சொல்லிக் காயிதம்," என்றார் அம்மா. தொரைக்கும் மேலே ஒரு கம்பெனி இருந்தது, கம்பெனிக்கும் மேலே பங்குதாரர்கள் இருந்தார்கள். 1981 செப்டம்பர் 7-ஆம் நாள் லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்துக்குள் பிரிட்டிஷ் தோட்ட நிறுவனமான குத்ரியின் பெரும்பான்மைப் பங்குகளை மலேசிய அரசு சார்ந்த முதலீட்டு நிறுவனமான பி.என்.பி. வாங்கி முடித்தபோது, அதன் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த யாருக்கும் முதலாளி மாறிய நேரம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அந்தக் கைமாற்றத்தை நாட்டின் வெற்றியாகக் கொண்டாடினோம், கொண்டாடத் தக்கதும்தான். ஆனாலும் மரத்தடியில் பால் சேரும் மங்குக் கோப்பையைத் துடைத்து வைத்த பெண்ணுக்கு அன்றைய பொழுது நேற்றைய பொழுதாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் அம்மாவிடம் இன்னொரு கதையும் இருக்கிறது, அது என் தாத்தாவினுடையது. விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். துண்டாடல் என்ற சொல் அன்றைக்கு ஒவ்வொரு லயத்திலும் பேய்ப் பெயர்போல் உலவியது. அப்போது மலேசிய இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சியின் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளிப் பணம் கொடுங்கள், விற்கிற தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று தொழிலாளர்களிடம் கேட்டார். சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டம் எங்கள் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம். பத்து வெள்ளி அன்றைக்குச் சின்னத் தொகையல்ல. தாத்தா கட்டிய ரசீதுகள் ஒரு பிஸ்கட் டின்னில் இன்னும் இருக்கின்றன. சங்கத்தைப் பற்றிப் பின்னாளில் எழுந்த விமர்சனங்கள் எனக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை. நான் அந்த ரசீதுகளைப் பார்க்கும்போதெல்லாம் வியப்பது ஒன்றைத்தான்: விற்பனை என்பது தங்களுக்கு நடக்கும் ஒன்று என்று மட்டும் நினைக்காமல், தாங்களும் செய்யக்கூடிய ஒன்று என்று அந்த மனிதர்களால் நினைக்க முடிந்திருக்கிறது. எங்கள் சோதனைப் பிரிவை நாங்கள் பத்து வெள்ளி சேர்த்து வாங்க முடியாது. ஓர் இயந்திரத்தின் விலைக்கே எங்கள் ஷிப்டு முழுவதன் வைப்புநிதிப் பணமும் போதாது. வாங்கினாலும் சில்லு அனுப்புகிற வாடிக்கையாளரை எங்கே போய்ப் பிடிப்பது? நிலத்தில் நின்ற மரம் யாரிடம் போனாலும் பால் சுரந்தது. எங்கள் இயந்திரமோ வேறொரு கண்டத்திலிருந்து வரும் ஆணை நின்றுபோனால் வெறும் இரும்பு.

எக்செல் தாள்

முதல் சுற்று ஆட்குறைப்பின்போது எங்கள் பிரிவு தப்பியது. இரண்டாவது சுற்றுக்கு முன்பு ஒரு புதன்கிழமை மாலை எனக்கு மின்னஞ்சல் வந்தது. உங்கள் பொறுப்பில் உள்ள பதினான்கு பேரையும் ஒன்று முதல் பதினான்கு வரை வரிசைப்படுத்தி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும் என்றும், இது திறன் மேம்பாட்டுத் திட்டமிடலுக்காகக் கேட்கப்படுகிறது என்றும் எழுதியிருந்தது. இங்கேயும் கேட்கப்படுகிறதுதான், கேட்கிறவர் இல்லை. கூடவே ஓர் எக்செல் தாள். வேலைத்திறன், வருகை, பல இயந்திரங்களை இயக்கும் ஆற்றல், மாற்றத்தை ஏற்கும் மனப்பான்மை என்று நிரல்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு மதிப்பெண்.

அந்தத் தாளில் சேர்ந்த ஆண்டுக்கு நிரல் இல்லை. இதை நான் இரண்டு முறை பார்த்து உறுதிசெய்துகொண்டேன். ஒரே வேலையைச் செய்கிறவர்களுக்குள் ஆட்குறைப்பு நடந்தால் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்பது இந்நாட்டுத் தொழில் நீதிமன்றம் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்டிருக்கும் நெறி. தக்க காரணம் காட்டினால் நிறுவனம் அதிலிருந்து விலகலாம். அந்தக் காரணத்தை உருவாக்கித் தரும் எந்திரம்தான் என் கணினியில் திறந்து கிடந்த தாள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. சட்டம் இன்னொன்றும் சொல்கிறது, ஒரே வகை வேலையில் உள்நாட்டவரை நீக்குவதற்கு முன் வெளிநாட்டவரை நீக்க வேண்டும் என்று. எங்கள் வரிசையில் அதற்கு முன்பே நேப்பாளப் பிள்ளைகள் நான்கு பேரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் முடிந்திருந்தது. ஒப்பந்தம் முடிந்தவர்கள் என்பதால் ஆட்குறைப்புக் கணக்கில் அவர்கள் வரவேயில்லை. ஒருவன் போகிற அன்று தன் பாதுகாப்புக் காலணியைத் துடைத்து என் மேசைக்கடியில் வைத்துவிட்டுப் போனான். அது யாருடைய எண்ணிக்கையிலும் சேராத வேலையிழப்பு.

அந்த வியாழக்கிழமை இரவு சமையலறை மேசையில் உட்கார்ந்து மதிப்பெண் போட்டேன். ஏன் போட்டேன் என்பதற்கு என்னிடம் அன்று நிறையக் காரணங்கள் இருந்தன. நான் போடாவிட்டால் வேறொருவர் போடுவார், இவர்களைத் தெரியாத ஒருவர் போடுவதைவிடத் தெரிந்த நான் போடுவது நியாயமாக இருக்கும், எல்லாருக்கும் நல்ல மதிப்பெண் போட்டுவிட்டால் யாருக்கும் பாதகம் வராது. கடைசிக் காரணத்தை அந்த எக்செல் தாளே முறியடித்துவிட்டது. எல்லாருக்கும் நான்கு போட்டபோது, இருவருக்கு ஒரே இடம் அனுமதிக்கப்படாது என்று சிவப்பில் காட்டியது. எங்கள் வரிசையில் வயதில் மூத்த அக்கா ஒருவர் உண்டு. பத்தொன்பது ஆண்டு அனுபவம், ஒரு தட்டுச் சில்லைக் கையில் தூக்கிப் பார்த்தே எண்ணிக்கை குறைகிறது என்று சொல்லிவிடுவார். முழங்கால் வலிக்காக அந்த ஆண்டில் இருபது நாளுக்கு மேல் மருத்துவ விடுப்பு எடுத்திருந்தார். புது இயந்திரத்தின் திரையைப் படிக்கக் கண் ஒத்துழைக்கவில்லை. வருகை இரண்டு, பல இயந்திரங்கள் இரண்டு என்று போட்டதும் அவர் தானாகவே பதின்மூன்றாவது இடத்துக்கு இறங்கினார். கையால் தூக்கிப் பார்த்து எண்ணிக்கை சொல்வதற்கு அந்தத் தாளில் நிரல் இருந்திருந்தால் அவர் முதலிடத்தில் இருந்திருப்பார். இரவு பதினொன்றரை மணிக்கு அனுப்பினேன்.

"லிஸ்ட்டு போயிருச்சுக்கா"

திங்கட்கிழமை பஸ்ஸில் அந்த அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இருட்டு விலகாத நேரம். பட்டியல் கேட்டிருக்கிறார்கள் என்பது மற்றப் பொறுப்பாளர்கள் வழியாக வாட்ஸ்அப்பில் பரவியிருந்தது. சுற்றி வளைக்காமல் கேட்டார்: "நம்ம லைனுக்கு லிஸ்ட்டு யாரு போட்டா?"

"லிஸ்ட்டு போயிருச்சுக்கா," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பொய் சொல்லவில்லை. பட்டியல் போய்விட்டது என்பது உண்மை. மேலே கேட்டாங்க, எல்லா லைனுக்கும் கேட்டாங்க என்று இன்னும் இரண்டு வாக்கியம் சேர்த்ததாக நினைவு. அக்கா தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் நெடுஞ்சாலையில் ஏறும்போதுதான் நான் பேசியது எனக்கே கேட்டது. பட்டியல் போயிருச்சு. தானாகக் கால் முளைத்து நடந்து போனதுபோல. திரையில் பேசிய அதிகாரிக்காவது ஆங்கிலம் கைகொடுத்தது. ஆளே இல்லாமல் வாக்கியம் அமைக்க எனக்கு எந்தப் பயிற்சியும் தேவைப்படவில்லை, என் தாய்மொழியிலேயே, பக்கத்து இருக்கையில் இருந்தவரிடமே அது சரளமாக வந்தது. ஓராண்டாக மேலதிகாரிகள்மீது நான் வளர்த்துவைத்திருந்த கோபம் அந்த நிமிடம் குறைந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். கோபம் கூடியது. எங்களிடம் ஒருபோதும் பெயர் சொல்லாமல் முடிவெடுத்தவர்கள், அந்த முடிவின் அழுக்கான பகுதியை மட்டும் எங்கள் கையால் செய்யவைத்து, கூடவே தங்கள் இலக்கணத்தையும் எங்களுக்குப் பழக்கிவிட்டார்கள். தோட்டத்தில் அதற்கென்றே ஓர் ஆள் இருந்தார். ஆள்களைத் தெரிந்தவர், அவர்களுக்குள் ஒருவர், தொரைக்குப் பதிலாக வசவு வாங்கிக்கொள்கிறவர். கங்காணி. என் தாத்தாவின் தகப்பனார் சில காலம் கங்காணியாக இருந்தார் என்பதை எங்கள் குடும்பத்தில் உரக்கச் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது சுற்றில் எங்கள் வரிசையிலிருந்து ஐந்து பேர் போனார்கள். ஒன்பதிலிருந்து பதின்மூன்று வரை இருந்தவர்கள் என்று கணக்குப் பார்த்துக் கண்டுபிடித்தேன். பதினான்காவது இடத்தில் நான் போட்டிருந்த இளைஞன் போகவில்லை. சேர்ந்து ஓராண்டுகூட நிரம்பாத அவனுடைய சம்பளம் குறைவு என்பது காரணமாக இருக்கலாம். அப்படியென்றால் என் வரிசைக்கே மேலே இன்னொரு வரிசை இருந்திருக்கிறது. கடிதங்களை ஒரு சிறிய அறையில் ஒவ்வொருவராக அழைத்துக் கொடுத்தார்கள். ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு இருபது நாள் சம்பளம் என்பது 1980-ஆம் ஆண்டு விதிமுறை. அம்மாவுக்குக் கணக்குப் பார்த்ததும் அதே விதிதான், 460 நாள். அக்காவுக்கு 380 நாள். ஒரு தலைமுறைக்குப் பிறகும் அந்த இருபது இருபதாகவே நிற்கிறது. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டம் 2018-இல் வந்திருப்பதால், அம்மாவுக்குக் கிடைக்காத ஓர் உதவி அக்காவுக்குக் கிடைத்தது. முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தில் 80 விழுக்காடு, பிறகு படிப்படியாக இறங்கும். அறுபது நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அந்தச் சிறிய அறையில் யாரும் அவருக்கு வாய்விட்டுச் சொல்லவில்லை. கடிதத்தின் நான்காம் பக்கத்தில் இருந்தது.

என் நிலையைத் தேடிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. வேலைவாய்ப்புச் சட்டம் 2023 ஜனவரியிலிருந்து எல்லா ஊழியர்களுக்கும் விரிவாக்கப்பட்டிருக்கிறது, ஆனால் மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் ஊதியம் பெறுவோருக்கு ஆட்குறைப்பு இழப்பீட்டுப் பகுதி பொருந்தாது. முந்தைய ஆண்டு கிடைத்த சம்பள உயர்வில் நான் அந்தக் கோட்டை எழுபது வெள்ளியால் (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம்) தாண்டியிருந்தேன். இருபத்திரண்டு ஆண்டுக்கு 440 நாள் என்று மனத்துக்குள் போட்டு வைத்திருந்த கணக்கு, நான் கேக் வெட்டிக் கொண்டாடிய எழுபது வெள்ளியில் கரைந்துவிட்டது. இனி என் இழப்பீடு நிறுவனத்தின் ஒப்பந்தத்தையும் பெருந்தன்மையையும் பொறுத்தது.

இதற்கிடையே திரையில் பேசிய அதிகாரி விலகினார். எல்லா ஊழியருக்கும் விடைபெறு மடல் வந்தது. அதன் முதல் வாக்கியத்தை நான் பல முறை படித்தேன். நீண்ட யோசனைக்குப் பிறகு, குடும்பத்துடன் கூடுதல் நேரம் செலவிட, நான் முடிவு செய்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார். நான் முடிவு செய்திருக்கிறேன். அவருக்கு எழுவாய் வைத்து வாக்கியம் எழுதத் தெரிந்தே இருந்திருக்கிறது.

அக்காவைப் பார்க்கப் போக எனக்கு மூன்று மாதம் ஆனது. காலைச் சந்தையில் மகளோடு சேர்ந்து வடையும் கறிபாப்பும் போட்டு விற்கிறார். கூட்டம் குறையும்வரை தள்ளி நின்றுவிட்டு, அந்தப் பட்டியலை நான்தான் போட்டேன் என்று சொன்னேன். எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "எத்தனாவது?" என்றார். பதின்மூன்று என்றேன். வடையைத் திருப்பிப் போட்டார். "பதினாலாவது யாரு?" என்று கேட்டார். சொன்னேன். "அவனா! நின்னுக்கிட்டே தூங்குவானே, அவனுக்கு மேலதானா நான்?" என்று மகளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு வேறொன்று என்று எனக்குத் தெரியவில்லை. கறிபாப்புக்குக் காசு கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். எப்போதும் வாங்க மாட்டார்.

போன வாரம் மஞ்சள் மேலங்கிக்காரர்கள் மறுபடியும் வந்தார்கள். இந்த முறை ஒட்டிகளைக் கையடக்கக் கருவியால் வருடிச் சரிபார்த்தார்கள். பிரிவு கைமாறினால் புதிய முதலாளி ஏழு நாளுக்குள், இப்போதைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை தர முன்வர வேண்டும், இல்லையென்றால் ஊழியருக்கு இழப்பீடு கிடைக்க வேண்டும் என்று அதே 1980 விதிமுறை சொல்வதை அச்சடித்து, மீதமிருக்கும் ஒன்பது பேருக்கும் கொடுத்திருக்கிறேன். எனக்கு அது பொருந்தாது, அவர்களுக்குப் பொருந்தும். திங்கட்கிழமை இன்னொரு மின்னஞ்சல் வந்தது, அதே எக்செல் தாளுடன். ஒன்று முதல் ஒன்பது வரை.

இந்த முறை தாளில் இரண்டு மாற்றம் செய்து அனுப்பினேன். பெயருக்குப் பக்கத்தில் சேர்ந்த ஆண்டு என்று ஒரு நிரல் சேர்த்து, வரிசை எண்ணை அதன்படியே போட்டேன். அடியில் இரண்டு வரி எழுதினேன். தயாரித்தவர் என்று போட்டு என் முழுப்பெயர். கேட்டவர் என்று போட்டு ஒரு வெற்றிடம். நேற்று மனிதவளப் பிரிவிலிருந்து தொலைபேசியில் அழைத்தார்கள். நல்ல பிள்ளை, என் மகள் வயதிருக்கும். அந்த நிரலும் அடிவரிகளும் படிவத்தில் இல்லாதவை, கணினி ஏற்காது, எடுத்துவிட்டு மறுபடியும் அனுப்புங்கள் அக்கா என்றாள். வெற்றிடத்தில் யார் பெயர் வரும் என்று கேட்டேன். கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது.